இனிக்காத சீனி

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நீ பக்கத்து அறையில் பயணப்பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறாய். எழுந்து வந்து நேரே சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ பாதியிலேயே “சரி அம்மா, விடுங்கோ” என்பாய். உன் அப்பா இருந்தவரையில் அவரும் அப்படித்தான். மற்றவரின் கசப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை உங்கள் இருவருக்கும் இல்லை. கடிதத்தை இடையில் மறித்துக் கதைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். விமானத்தில் வைத்து வாசி. இறங்கிய பிறகு கோபப்படு.

போன கிழமை புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் சொன்னாய். “அம்மா, எனக்கு இந்த இடம் கிடைச்சதுக்கு மாலினி அன்ரியும் ஒரு காரணம். கம்பஸிலை போய்க் கேட்டனான். உடனை சிபாரிசு எழுதித் தந்தவ. உங்களைப் பற்றியும் விசாரிச்சவ.” நான் எழுந்து குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். உன்னில் பிழை இல்லை. உனக்குத் தெரியாது. நான் ஆய்வுகூடத்தை விட்டு வந்தது சம்பளம் போதாமல் என்றும், கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் ரியூஷன் சொல்லிக்கொடுத்தால் இரண்டு மடங்கு வரும் என்றும் உன்னிடம் சொல்லியிருந்தேன். நீயும் நம்பினாய். உனக்கு அப்போது பத்து வயது.

இனி உள்ளதைச் சொல்கிறேன். நீ இப்போது படிக்கப்போவது எதுவோ, அதைத்தான் நானும் மாலினியும் கம்பஸ் ஆய்வுகூடத்தின் அந்த மேல்மாடி அறையில் செய்துகொண்டிருந்தோம். அதனால் விளக்கம் உனக்கு அதிகம் தேவைப்படாது. ஆனாலும் எங்களுக்கு அது எப்படிப் பிடிபட்டது என்று நீ அறிந்திருக்க வேண்டும். உடம்பின் உயிர்க்கலங்களைப் பெருகச் சொல்லும் புரதமொன்று மாட்டு மூளையில் இருக்கிறது. வளர்ச்சிக் காரணி என்று நீங்கள் இன்று போத்தலில் வாங்குவதை நாங்கள் கையால் பிரித்தெடுத்தோம். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க எங்களிடம் வசதி இருக்கவில்லை. மூளை தெமட்டகொடையில், மாடு அறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஹனிபா நானாவின் கடையிலிருந்து வந்தது. மாட்டிறைச்சி வாசலுக்கும் வராத வீட்டில் பிறந்த நான் கிழமைக்கு ஒருதடவை அங்கே போய் நின்று, இளஞ்சூட்டோடு மூளையை வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவேன். உன் அம்மம்மா அறிந்திருந்தால் என்னைக் கிணற்றடியில் வைத்து ஏழுதரம் குளிக்கவார்த்திருப்பா.

பிரித்தெடுத்த புரதம் நிலைக்கவில்லை. அது கரண்ட் வெட்டுக் காலம். மத்தியானம் மின்சாரம் போனால் குளிர்ப்பெட்டி வெப்பமாகும், எங்கள் கிழமை முழுதின் உழைப்பும் அதற்குள்ளேயே செத்துப்போகும். அந்த நாட்களில் மாலினியும் நானும் தரையில் குந்தியிருந்து வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவோம். பிறகு அதனோடு ஹெப்பரின் சேர்த்துப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் இரத்தம் உறையாமலிருக்க ஏற்றுகிறார்களே, அதேதான். அது ஒரு நீண்ட சீனிச் சங்கிலி. சீனி என்றால் நாக்குக்கு இனிக்கும் சீனி இல்லை. அந்தச் சங்கிலி பிடித்துக்கொண்டதும் புரதம் வெப்பத்தைத் தாங்கியது. அதைவிடப் பெரிய விஷயமும் இருந்தது. ஒவ்வொரு கலத்தின் வெளிப்புறத்திலும் அதே இனத்துச் சீனிச் சங்கிலிகள் மயிர் போல முளைத்திருக்கின்றன. வளர்ச்சிக் காரணி தனியாக வந்து, கலத்தின் மேல் நின்று செய்தியைப் பெறும் வாங்கியில் ஒட்டினால் கலம் சரியாகக் கேட்பதில்லை. அந்தச் சங்கிலிதான் காரணியையும் வாங்கியையும் ஒன்றாகப் பிடித்து, இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து நிறுத்துகிறது. அதன் பிறகே உள்ளே செய்தி போகிறது. நொதியம் ஒன்றை விட்டு அந்தச் சீனியை மழித்துவிட்டால், எவ்வளவு காரணியை ஊற்றினாலும் கலம் சும்மா கிடக்கும். ஹெப்பரினைத் திருப்பிச் சேர்த்தால் மறுபடி பெருகும். இதை வெளிநாட்டில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். நாங்கள் எங்கள் கண்ணால் கண்ட அன்று மாலினி என்னைக் கட்டிப்பிடித்து, “நாம் இரண்டுபேரும் பைத்தியங்கள் இல்லை” என்றாள். நாங்கள் எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவளுக்குத் தமிழ் வராது. என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம்.

எங்களுடைய சொந்தக் கேள்வி ஒன்று இருந்தது. நீரிழிவுக்காரரின் கால் புண் ஏன் ஆறுவதில்லை? அந்தப் புண்ணின் நீரில் வளர்ச்சிக் காரணி இருக்கத்தான் செய்தது. இருந்தும் சதை வளரவில்லை. புண்ணுக்குள்ளேயே ஏதோ ஒன்று அந்தச் சீனிச் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது என்று நான் சந்தேகப்பட்டேன். அது என் யோசனை. மாலினியே அப்படித்தான் சொல்லுவாள். வார்ட்டிலிருந்து எங்களுக்குப் புண் நீர் குழாய்களில் வரும். அவற்றில் வயதானவர்களுடையதும் இருந்தது, கண்ணிவெடியில் கால் போய் ஆறாமல் கிடந்த இராணுவப் பெடியன்களுடையதும் இருந்தது. குழாயில் இலக்கம் மட்டும்தான். எது யாருடையது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதை நீ மறக்காதே.

மாலினி யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் அப்பாவின் செத்தவீட்டில் என் பக்கத்தில் இருந்தவள் அவள். உன் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருவாள். பொங்கலுக்கு எங்கள் மேசையில் இருந்து சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்குவாள். எனக்கு எந்த நேரத்தில் தலையிடி வரும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

உனக்குப் பத்து வயதான அந்த வருஷத்தில் ஒரு கிழமை, நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. பல்கலைக்கழக வான் வண்டி ஓடவில்லை. போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் கலங்கள் தட்டில் காத்திருந்தன, காரணி அநேகமாக முடிந்துவிட்டது. நான் ஒரு த்ரீவீல் பிடித்துத் தெமட்டகொடைக்குப் போய் மூளையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பெயர் தமிழ், பிறந்த இடம் யாழ்ப்பாணம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஐஸுக்குள் பொலித்தீன் பைகளில் மூளை. என் கைப்பையில், புரதத்தை வீழ்படிவாக்கப் வெளிக்கிட முன் பக்கத்துப் பகுதியில் கடன் வாங்கிப் போட்டிருந்த வெள்ளை உப்பு ஒரு போத்தல் நிறைய. அதன் பெயரை வாசித்த சிப்பாய்ப் பெடியனுக்கு அது வயலுக்குப் போடும் பசளையாகவும் தெரிந்திருக்கும், குண்டுக்குப் போடும் மருந்தாகவும் தெரிந்திருக்கும். த்ரீவீல்காரரை விட்டுவிட்டார்கள். என்னை விடவில்லை.

பொலிஸில் பெரியவர் பெட்டியைக் காட்டி, “மே மொனவத?” இதென்ன என்று கேட்டார்.

“ஹரக் மொள, சேர்.” மாட்டு மூளை என்றேன்.

“எதுக்கு?”

“காயம் எப்படி ஆறுது எண்டு பாக்கிறதுக்கு.”

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “காயமும் நீங்கள்தான் போடுறது, ஆத்துறதும் நீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

என்னை அறிந்தவர் யார் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. ஆய்வுகூடத்து ரெலிபோன் இலக்கத்தைக் கொடுத்தேன். எங்கள் பகுதித் தலைவர் வெளிநாட்டில் இருந்தார். மாலினிதான் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள்தான் எடுத்தாள். அந்த ரிசீவர் பழையது, எதிர்ப்பக்கத்துக் குரல் வெளியே கேட்கும். பெரியவர் என் பெயரைச் சொல்லி, இவளைத் தெரியுமா, மூளை வாங்கத்தான் வந்தவளா, இவளுக்காக நீங்கள் பொறுப்பு நிற்பீர்களா என்று கேட்டார். பிறகு அவள் குரல் கேட்டது. “எயா கென மம தன்னே நே, சேர்.” அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. இங்கே வேலை செய்கிறாள், மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர்கூட எனக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார் போல இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க நான் உள்ளே இருந்தேன். என்னை அடிக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. கீழ்வீட்டு அன்ரி உன்னைத் தன்னோடு வைத்திருந்தா என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தால் வந்து பூட்டிய கதவடியில் நிற்கிறாய் என்றே ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை வெளியே எடுத்தது என் பட்டமோ பல்கலைக்கழகமோ இல்லை, மகனே. நாற்றம். சான்றுப் பொருள் என்று ஐஸ் பெட்டியைப் பின்விறாந்தையில் வைத்திருந்தார்கள். ஐஸ் உருகி, மூளை அழுகி, நிலையமே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. பெட்டியின் மூடியில் கடையின் ரெலிபோன் இலக்கம் எழுதியிருந்ததைக் கண்டு, வந்து இதைத் தூக்கிக்கொண்டு போ என்று ஹனிபா நானாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எனக்காக வரவில்லை. பெட்டிக்காக வந்தார், பயந்து பயந்து வந்தார். ஆனால் கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டார். கிழமைக்கு ஒருதரம் வருகிற கம்பஸ் டீச்சர், மூளை மட்டும் வாங்குவா, இறைச்சி ஒருநாளும் வாங்கினதில்லை, இது நாலைந்து வருஷமாக நடக்கிறது என்று. அதைக் கேட்டுப் பெரியவர் என்னை விட்டார். உண்மையைச் சொன்னால் பெட்டியோடு சேர்த்து என்னையும் அனுப்பிவிட்டார். வெளியில் வந்து நானா என்னிடம் சத்தம் போட்டார். “டீச்சர், பெட்டிய புடிச்சிட்டாங்க எண்டு ஒரு சொல் சொல்லியனுப்பப்படாதா? நான் ஒங்கள வேற கடைக்குப் போயிட்டீங்க எண்டு நெனச்சி ஏசிட்டு ஈக்கன்.” அன்றைக்கு நான் சிரித்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு முதல்தரம்.

நீ ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “ஏனம்மா உங்களிலை இப்பிடி மணக்குது?” என்று கேட்டாய். நான் குளித்து, உன்னைச் சாப்பிடவைத்து, அடுத்த நாள் காலை ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

கலங்கள் உயிரோடு இருந்தன. இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. நான் இல்லாத ஒவ்வொரு நாளும் மாலினி வந்து அவற்றுக்கு உணவு மாற்றியிருந்தாள். அதோடு விடவில்லை. குளிர்ப்பெட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்த கடைசிக் காரணியை வழித்தெடுத்து நான் திட்டமிட்டிருந்த பரிசோதனையையும் செய்து முடித்திருந்தாள். புண் நீர் விட்ட தட்டில் கலங்கள் வளராமல் கிடந்தன. அதே நீரோடு ஹெப்பரின் சேர்த்த தட்டில் நெருங்கி, தட்டை நிறைத்து நின்றன. அவள் என்னை நுணுக்குக்காட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “பார். நீ சொன்னது சரி. சரியாக வந்திருக்கிறது.” அவள் கண்கள் வீங்கியிருந்தன. நான் பார்த்தேன். அதைவிட அழகான தட்டை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

“ஏன் என்னைத் தெரியாது எண்டு சொன்னாய்?” என்று கேட்டேன்.

“எனக்குப் பயம். என் கணவருக்கு அமைச்சில் வேலை. பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ அன்றைக்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.”

“எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு.”

“கட்டுரையில் உன் பெயரைத்தான் முதலாவதாகப் போடுவேன்” என்றாள்.

நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு படியால் இறங்கிவிட்டேன். கட்டுரையில் என் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று பிறகு சொல்லியனுப்பினேன். அவளைத் தண்டிக்கிறேன் என்று நினைத்தேன். அவள் பேராசிரியர் ஆனாள். நான் கொட்டாஞ்சேனையில் வெக்கைக்குள் நின்று, உயர்தரப் பிள்ளைகளுக்குச் சோக்கட்டியால் கலமென்சவ்வு கீறிக்கொண்டிருந்தேன். கீறும்போது வெளிப்பக்கத்துச் சீனிச் சங்கிலிகளையும் கீறிவிடுவேன். ஒரு பிள்ளை, “மிஸ், இது சோதனைக்கு வருமா?” என்று கேட்கும். வராது என்று சொல்லி அழித்துவிடுவேன்.

போன சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, கோயிலுக்குப் போகவில்லை. பாமன்கடையில் அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு. சண்டை பிடிக்கத்தான் போனேன். கதவைத் திறக்க நேரம் எடுத்தது. பிறகுதான் கண்டேன், ஊன்றுகோலோடு வந்தாள். புருஷன் செத்து இரண்டு வருஷமாம். பிள்ளைகள் இரண்டும் அவுஸ்திரேலியாவில். வலது பாதத்தில் தடித்த கட்டு, ஓரத்தில் மஞ்சளாக ஊறியிருந்தது. “உனக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை” என்றாள். தேவையில்லைத்தான். நீரிழிவு. மாசக்கணக்காக ஆறவில்லையாம்.

“என்ரை மகனைப் பற்றி என்ன எழுதினாய்?” என்று நின்றபடியே கேட்டேன்.

“அவனைப் பிறந்த நாளிலிருந்து தெரியும் என்று எழுதினேன். அவன் வீட்டைத் தெரியும் என்று எழுதினேன். அவனுடைய தாயோடு வேலை செய்தேன், அவளைவிட நேர்மையான ஒருவரோடு நான் வேலை செய்ததில்லை, அவள் வளர்த்த பிள்ளைக்கு நான் பொறுப்பு நிற்பேன் என்று எழுதினேன்.”

“அப்ப என்னை உனக்குத் தெரியும்.”

அவள் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்.”

“இப்ப சொல்லுறதுக்கு உனக்கு ஒரு செலவும் இல்லை.”

“இல்லை” என்றாள். “அதனால்தான் மன்னிப்புக் கேட்டு உன்னிடம் வரவில்லை.”

அவள் ஒரு சாட்டும் சமாதானமும் சொல்லாதது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. போகப் புறப்பட்டேன். கட்டு மாற்ற வருகிற தாதிப் பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. அந்த மணத்தை எனக்குத் தெரியும். கதவுவரை போய்த் திரும்பி வந்து, கையைக் கழுவி, அவள் காலை என் மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தேன். விளிம்பு வெளுத்து, நடுவில் குழிந்து, ஒரு பொட்டுப் புதுச் சதைகூட இல்லாமல் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தோம். என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அதற்கு அந்த அறையில் மருந்து இல்லை. எங்கள் கட்டுரை எந்த வார்ட்டுக்கும் போகவில்லை, தம்பி. அதற்குப் பிறகு அவளும் அந்த வேலையைத் தொடவில்லையாம். “உன்னுடைய யோசனையை நீ இல்லாமல் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை” என்றாள். அது நாணயமா, கோழைத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. சேலைன் விட்டுக் கழுவிப் புதிதாகக் கட்டிவிட்டு வந்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. புண்ணைப் புண்ணாகப் பார்த்துப் பழகிய கை எனக்கு, அவ்வளவுதான்.

இதை அறிந்தபின் நீ அவளுக்கு எழுதிச் சண்டை பிடிக்கக்கூடாது. அவள் தந்ததை வாங்கிவிட்டாய், அதனால் ஒழுங்காக நன்றி எழுது. அவளில் எனக்குள்ள கோபம் என்னுடையது. அதை நீ சீதனம் போலக் காவிக்கொண்டு போகத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் காவிக்கொண்டு போ. உன்னிடம் திறமை இருக்கிறது, அதனால் எங்கும் நிமிர்ந்து நிற்கலாம் என்று நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு வேலை தெரியும், வேலையில் உண்மையாய் இருந்தேன், அது போதும் என்று இருந்தேன். போதவில்லை. நீ போகிற ஊரில் உன்னைப் பிடித்துக்கொள்ள நாலு மனிதரைத் தேடு. அவர்கள் எந்தப் பாஷை என்று பார்க்காதே, பயம் வரும்போது என்ன செய்வார்கள் என்று பார். அதை முன்கூட்டி அறிய எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்தால் உனக்குச் சொல்லித் தந்திருப்பேன்.

அங்கே உனக்கு நல்ல குளிர்ப்பெட்டி இருக்கும். கரண்ட் போகாது. நீ ஐஸ் பெட்டியோடு தெருவில் போனால் ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். உன்னை நினைத்துச் சந்தோஷப்படுகிறேன், அதே நேரத்தில் எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது. தாய் பொறாமைப்படக்கூடாது என்பார்கள். எனக்குக் கிடைக்காதது பிள்ளைக்கென்றாலும் கிடைத்ததே என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை விடிய வான் வரும். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் வரவில்லை. வழியில் ஒவ்வொரு சாவடியிலும் என்னை இறக்கி ஏற்றினால் உனக்குப் பிந்திவிடும். வாசல்வரை வருவேன், நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன். நீ வழக்கம்போலப் படியில் நின்று திரும்பி, “போயிட்டு வாறன் அம்மா” என்று சொல்ல வாய் எடுப்பாய். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறுவிதமாகச் சொல்லி ஒருவரும் படி இறங்கினதில்லை, எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை அப்படிச் சொல்லாதே. “போறன்” என்று சொல்லிவிட்டுப் போ.

அம்மா